முயல் இருக்கும் வளையை மட்டும் காட்ட நாயைப் பழக்குவது எப்படி?

அக்டோபர் 6 (வாசகர் கேள்வி)

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஒரு காய்கறிப் பண்ணையில் வேலை செய்கிறேன். வேலியோர முயல்களைக் குறைத்துத் தரும்படி பண்ணைக்காரர் கேட்டதால் இரண்டு ஃபெரெட் (முயல் வளைக்குள் நுழைந்து அதை வெளியே விரட்டும் சிறு வளர்ப்பு விலங்கு) வாங்கியிருக்கிறேன். நாய் விப்பெட்டும் பெட்லிங்டன் டெரியரும் கலந்த பெட்டை, வயது பத்து மாதம். எந்த வளையைக் கண்டாலும் மூக்கை நுழைக்கிறது, தோண்டுகிறது, முனகுகிறது. உள்ளே முயல் இருக்கிறதா, இல்லையா என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. "இது இரத்தத்தில் வரவேண்டியது, சொல்லிக்கொடுத்து வராது" என்கிறார் பக்கத்துப் பண்ணைக்காரர். உண்மையா அண்ணா?

அக்டோபர் 6, இரவு

பாதிதான் உண்மை, தம்பி. மோப்பம் பிறப்பில் வருவது. அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எந்த வளையில் முயல் இருக்கிறது என்று உங்கள் நாய்க்கு இப்போதே தெரியும். தெரிந்ததை உங்களிடம் சொன்னால் தனக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் அதற்கு இன்னும் புரியவில்லை. அந்த உடன்பாட்டை உண்டாக்குவதுதான் பயிற்சி.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேச்சு எங்கே போனாலும் நான் இதற்குத்தான் திரும்பி வருவேன். வளை காட்டும் நாயின் மதிப்பை, அது நிற்காமல் கடந்து போகும் வளைகளை வைத்துத்தான் நான் அளப்பேன். ஒரு வேலியோரத்தில் நாற்பது வளை வாய்கள் இருந்தால், அத்தனைக்கும் சுருக்குவலை விரித்து முடிப்பதற்குள் பாதிக் காலை போய்விடும். முயல் இல்லாத இடத்தை நாய் நேர்மையாகத் தள்ளிவிட்டால் மிச்சம் இருப்பது சிறிய வேலை.

அக்டோபர் 7

தோண்டுவதையும் முனகுவதையும் முதலில் நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

காரணம் இருக்கிறது. முயல் நில அதிர்வை நன்றாக உணரும். ஆபத்து என்றால் பின்னங்காலால் தரையைத் தட்டி மற்ற முயல்களை எச்சரிக்கும். வாயிலில் நாய் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால், ஃபெரெட் உள்ளே வந்தாலும் அது வெளியே ஓடாது. முட்டுச்சந்தான ஒரு கிளைக்குள் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடும். ஃபெரெட் அங்கேயே அதைக் கொன்று அங்கேயே படுத்தும்விடும். அதன் கழுத்துப்பட்டையில் இருக்கும் சமிக்ஞைக் கருவி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் மண்வெட்டி எடுப்பது நீங்கள். வேர் பின்னிய மண்ணில் அது மணிக்கணக்கான வேலை.

நாய்க்கு மெல்லிய நீளமான கயிறு கட்டுங்கள். மூக்கு உள்ளே போய் உடம்பு விறைக்கும் கணம் ஒன்று வரும். அதற்கு அடுத்தது முன்னங்கால் எழும் கணம். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய குரலில் ஒருமுறை கூப்பிட்டு, நீங்கள் பின்னால் நகருங்கள். கத்தினால் அதுவும் வளைக்குள் கேட்கும். தோட்டத்தில் ஒரு குரலுக்கு வராத நாய் வளையருகில் வராது. அப்படியானால் இன்னும் சில வாரங்கள் தோட்டத்திலேயே இருங்கள், அவசரம் ஒன்றுமில்லை.

அக்டோபர் 9

ஊரிலிருந்து படிக்கும் சிலர் கேட்டிருப்பதால் ஒரு விளக்கம். தமிழ்நாட்டுக் காட்டுமுயல் வேறு இனம். அது வளை தோண்டாது, புதரடியில் ஒரு பள்ளத்தில் படுத்திருக்கும். அதை வேட்டையாடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நான் சொல்வதை அங்கே பயன்படுத்த இடமும் இல்லை, அனுமதியும் இல்லை. இங்கே பேசுவது கூட்டமாக வளை தோண்டி வாழும் ஐரோப்பிய முயலைப் பற்றி. ஃபெரெட் என்பது நீர்நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த, ஒடுங்கிய உடம்புள்ள வளர்ப்பு விலங்கு. வலை விரித்த வளைக்குள் அதை விட்டால் முயல் வெளியே பாய்ந்து வலையில் விழும். பெரும்பாலும் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை, செடிகொடி வாடி, வளை வாய்கள் கண்ணுக்குத் தெரியும் காலத்தில் செய்யும் வேலை இது.

அக்டோபர் 13

முறையைக் கேட்கிறீர்கள். நான் செய்வதை அப்படியே சொல்கிறேன்.

குட்டியிலேயே ஃபெரெட்டோடு பழக்கம் வேண்டும். முதலில் கூண்டுக் கம்பிக்கு இந்தப் பக்கம் குட்டி, அந்தப் பக்கம் ஃபெரெட். பிறகு கயிற்றில் குட்டி, தரையில் ஃபெரெட். அந்த நாற்றம் வீட்டு நாற்றமாக மாறும்வரை அவசரப்பட வேண்டாம். வளையிலிருந்து எட்டிப்பார்க்கும் ஃபெரெட்டை முயல் என்று எண்ணி நாய் கவ்வினால் எல்லாம் முடிந்தது. வலையும் அப்படித்தான்: விரித்த வலைமேல் நடக்காமல் சுற்றிப்போக நாய் கற்க வேண்டும். ஆடு, கோழி பக்கம் திரும்பாமல் இருப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே ஆட்டுமந்தையைத் துரத்தும் நாயைச் சுட்டவருக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டமே சில சூழல்களில் பாதுகாப்புத் தருகிறது.

இனி வளை. முதல் நாட்களில் பதில் உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்த இடங்களுக்கு மட்டும் போங்கள். முதல்நாள் மாலை தூரத்திலிருந்து பார்த்து, முயல் போய்வரும் சிறிய வளை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு மூன்று வாய்கள் போதும். காலையில் காற்று உங்கள் முகத்தில் அடிக்கும் திசையிலிருந்து நாயைக் கொண்டுவாருங்கள். மூக்கு போகும், உடம்பு நிற்கும். ஒன்றும் சொல்லாதீர்கள். நாயைப் பின்னுக்கு அழைத்துப் படுக்க வைத்து, வலை விரித்து, ஃபெரெட்டை விடுங்கள். முயல் பாய்ந்து வலையில் விழும் அந்த நொடிதான் நாய்க்குச் சம்பளம். தான் நின்றதும் முயல் வந்ததும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று அது புரிந்துகொள்ளும். பிஸ்கட் அதற்கு ஈடாகாது.

அடுத்தது, இதைப்போல இரண்டு மடங்கு முக்கியமானது: காலி வளை. வாயில் சிலந்திவலை, உள்ளே சருகு, புதிய மண் இல்லை, புதிய புழுக்கை இல்லை, அப்படிப்பட்ட இடம். நாய் முகர்ந்து பார்க்கும், தலையை எடுக்கும். எடுத்த உடனே நீங்களும் நடந்துவிட வேண்டும். "இன்னொருமுறை பார்" என்று கையைக் காட்டவே கூடாது. காட்டினீர்களா, "நீ சொன்ன பதில் எனக்குப் பிடிக்கவில்லை" என்று நாய்க்குச் சொல்லிவிட்டீர்கள். இரண்டாவது முறை அது உங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லும். பொய் சொல்லும் நாய்கள் இப்படித்தான் உருவாகின்றன.

அக்டோபர் 14

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். மாலையில் முயல் நுழைந்ததைப் பார்த்தது காலையில் அது உள்ளே இருப்பதற்கு உறுதி ஆகாது. இரவு முழுக்க மேய்ந்துவிட்டு வேறு வளைக்குப் போயிருக்கலாம், உறைபனி விழுந்த வெயில் நாளில் புல்திட்டின் அடியிலேயே படுத்திருக்கலாம். நீங்கள் "உறுதி" என்று நினைத்த வளையை நாய் கடந்து போனால் நாயின் பக்கம் நில்லுங்கள். ஐயம் இருந்தால் நாயை வண்டியில் கட்டிவிட்டு, அது பார்க்காத நேரத்தில் ஃபெரெட்டை விட்டுச் சோதியுங்கள். உங்கள் ஐயத்தை நாய் பார்க்கக்கூடாது. சோதனை முடிவை ஒரு நோட்டில் எழுதுங்கள்: நாய் என்ன சொன்னது, ஃபெரெட் என்ன சொன்னது, காற்று, ஈரம், மணி. நினைவு எப்போதும் நாம் விரும்பும் நாயைத்தான் வரைந்து காட்டும், அதனால் எழுத்தில் இருக்கட்டும்.

அக்டோபர் 21

"மேல்வாயில் நின்றது, முயல் கீழ்வாயிலிருந்து ஓடியது, அப்படியானால் தவறுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. நாய் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

வளை என்பது பல வாய்கள் உள்ள ஒரே வீடு. காற்று ஒரு வாயில் நுழைந்து இன்னொரு வாயில் வெளியேறும். குளிர்ந்த காலையில் உள்ளே இருக்கும் காற்று வெளியைவிட வெதுவெதுப்பாக இருப்பதால் மேட்டில் உள்ள வாய் வழியாக எழும். நாய்க்குக் கிடைப்பது வெளியேறும் வாயின் வாசனை. முயல் அதிலிருந்து பல அடி தள்ளி உட்கார்ந்திருக்கலாம். எனவே "எந்த வாயில்?" என்று நாயிடம் கேட்காதீர்கள், "இந்த வீட்டில் ஆள் இருக்கிறதா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் அந்த வளையின் எல்லா வாய்களுக்கும் வலை போடுங்கள், புல்லுக்குள் ஒளிந்திருக்கும் சின்ன வாய்கள் உட்பட. முயல் தேர்ந்தெடுப்பது அதையாகத்தான் இருக்கும்.

காற்றுத் திசை பற்றி 13ஆம் தேதி சொன்னதும் இதனால் கொஞ்சம் மாறுகிறது. காற்றுக்கு எதிராக வருவது தொடக்கப் பாடத்துக்கு. பழகிய நாயைச் சுற்றிவர விடுங்கள். என் நாய் சீனி பெரிய வளைக்கூட்டத்தில் முதலில் ஒரு முழு வட்டம் அடிப்பாள், எதிலும் நிற்க மாட்டாள். இரண்டாவது வட்டத்தில்தான் பேசுவாள். புதிதாகப் பார்ப்பவர்கள் முதல் வட்டத்திலேயே பொறுமையிழந்து அவளைக் கூப்பிடச் சொல்வார்கள்.

நவம்பர் 2

"நிற்பது" எப்படி இருக்கும் என்று கேட்டவருக்கு: ஒரு நாய்க்கு ஒரு மாதிரி. வால் விறைக்கும், அல்லது நுனி மட்டும் துடிக்கும். ஒரு முன்னங்கால் தூக்கி நிற்கும் நாய்கள் உண்டு. தலையைச் சாய்த்துக் காதால் கேட்பவை உண்டு. உள்ளே முயல் நகரும் ஓசை அவற்றுக்குக் கேட்கிறது, மூக்கு மட்டும் வேலை செய்வதாக நினைக்கக்கூடாது. சீனி மூக்கை எடுக்காமல் கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்ப்பாள். நாயிடம் இயல்பாக எது வருகிறதோ அதை நீங்கள் படித்துக்கொள்ளுங்கள். உட்கார், குரை என்று செயற்கையாக ஒன்றைச் சேர்ப்பது எனக்குப் பிடிக்காது. கற்றுக்கொடுத்த செய்கையை நாய் சும்மாவும் செய்யும். தானாக விறைக்கும் முதுகைச் சும்மா விறைக்க வைப்பது கடினம்.

பழைய வாசனைக்கும் உள்ளே இருக்கும் முயலுக்கும் வேறுபாடு உண்டு. முயல் சற்று முன் போயிருந்தால் நாய் நீளமாக முகரும், வால் தளர்வாக ஆடும், வாயிலைச் சுற்றி மண்ணையும் முகரும். உள்ளே இருந்தால் முகர்தல் சட்டென்று நின்றுவிடும்.

நவம்பர் 10

உங்கள் நாய் வேலியோரத்தில் எல்லா வளையிலும் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வீடியோவைப் பார்த்தேன். நாயைப் பார்க்காமல் உங்களைப் பார்த்தேன். புதிய மண் கிடக்கும் ஒவ்வொரு வளைக்கும் நான்கு அடி முன்பே உங்கள் நடை மெதுவாகிறது, கயிறு இறுகுகிறது. நாய் அதைப் படித்துவிட்டு நிற்கிறது.

இது வேட்டை நாய்க்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. கலிஃபோர்னியாவில் போதைப்பொருள், வெடிமருந்து தேடும் நாய்களையும் அவற்றின் பயிற்றுநர்களையும் வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2011இல் வெளிவந்தது. 18 ஜோடிகள். ஒரு தேவாலயக் கட்டடத்தின் அறைகளில் தேடச் சொன்னார்கள். சில இடங்களில் ஒட்டியிருந்த சிவப்புக் காகிதம், அங்கே வாசனைப்பொருள் இருப்பதன் அடையாளம் என்று பயிற்றுநர்களிடம் சொல்லியிருந்தார்கள். உண்மையில் கட்டடத்தில் எங்குமே அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் பெரும்பாலான தேடல்களில் "நாய் காட்டியது" என்று பயிற்றுநர்கள் அறிவித்தார்கள். காகிதம் இருந்த இடங்களில் அது அதிகமாகவே இருந்தது. தொழில்முறை ஆட்களுக்கே இந்த நிலை என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

ஒரே வேகத்தில் நடங்கள். கயிற்றைத் தளர்வாக விடுங்கள், முடிந்தால் அவிழ்த்துவிடுங்கள். நாய் முன்னால் போகட்டும், நீங்கள் வயலைப் பார்த்துக்கொண்டு பின்னால் வாருங்கள். முடிந்தால் அந்த நிலத்தை அறியாத நண்பர் ஒருவரை நாயோடு நடக்க விடுங்கள். அவருக்கு எதிர்பார்ப்பு கிடையாது.

நவம்பர் 11

"அப்படியானால் குற்றம் என்னுடையதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அது உங்கள் குற்றம் என்று நான் சொல்லவில்லை. மனம் தளர வேண்டாம். பத்து மாத நாய் உங்கள் நடையைப் படிக்கிறது என்றால் உங்களோடு வேலை செய்ய விரும்புகிறது என்று பொருள். அது கிடைக்காமல் தவிப்பவர்கள் நிறைய பேர்.

நவம்பர் 23

"எதற்காகக் கொல்ல வேண்டும்?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முயலைக் கட்டுப்படுத்துவது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலத்தை வைத்திருப்பவரின் பொறுப்பு. லண்டன் சிட்டி, சில்லி தீவுகள், ஸ்கோகோம் தீவு தவிர மற்ற இடமெல்லாம் அதில் அடங்கும். அதன்படி உங்கள் பண்ணைக்காரர் கேட்பது சரி. நாய் வைத்து வேட்டையாடுவதைத் தடுத்த 2004ஆம் ஆண்டுச் சட்டமும் நில உரிமையாளரின் அனுமதியோடு முயல் பிடிப்பதற்கு விலக்கு தருகிறது. அனுமதியை எழுத்தில் வாங்கிச் சட்டைப்பையில் வையுங்கள்.

ஆனால் என் மனம் முழுவதும் அந்தப் பக்கம் இல்லை. நான் இருப்பது கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக்கில், பிரெக்லாண்டின் மணல்நிலத்து விளிம்பில். பிரான்ஸிலிருந்து வந்து இங்கிலாந்தை வென்ற நார்மன்கள் கொண்டுவந்த முயலை இங்கே நூற்றாண்டுக் கணக்கில் பயிர் மாதிரி வளர்த்தார்கள். அன்றைக்கு அதன் இறைச்சியும் தோலும் விலை உயர்ந்தவை. தெட்ஃபோர்டில் 1400 வாக்கில் முயல்காவலருக்காகக் கட்டிய கல் கோபுர வீடு இன்னும் நிற்கிறது, திருடர்களுக்கு அஞ்சிக் கோட்டைபோல் கட்டியது. 1953இல் கென்ட்டில் மிக்சோமாட்டோசிஸ் நோய் வந்து, சில ஆண்டுகளில் நாட்டின் முயல்களில் பெரும்பங்கை அழித்தது. அதிலிருந்து மீண்டபோது இரத்தக்கசிவு நோய். 2010இல் பிரான்ஸில் தெரியவந்த அதன் புதிய வகை இங்கேயும் பரவியது. முயலின் தாயகமான ஸ்பெயின், போர்ச்சுகலில் அதை 2019இல் அருகிவரும் இனப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். பிரெக்லாண்டில் முயல் கொறித்துக் குட்டையாக வைத்திருக்கும் புல்லில்தான் ஸ்டோன் கர்லியூ பறவை முட்டையிடுகிறது. இங்கே முயல் குறைந்ததற்குக் கவலைப்படுபவர்கள் இயற்கை ஆர்வலர்களே.

அதனால் என் வழக்கம்: முயல் மெலிந்துபோன நிலத்தில் வலை எடுப்பதில்லை. சீனியை மட்டும் அழைத்துப்போய் எந்த வளைகளில் ஆள் இருக்கிறது என்று வரைபடத்தில் குறித்து உரிமையாளரிடம் கொடுப்பேன். ஒரு உயிரும் சாகாமல் கிடைக்கும் கணக்கு அது. பயிருக்குச் சேதம் இல்லாத இடத்தில் "இருக்கட்டும்" என்று சொல்லவும் அந்தக் கணக்குத்தான் எனக்குத் துணை.

டிசம்பர் 8

இந்தத் தொழிலின் உச்சம் எது என்று என்னைக் கேட்டால் மக்குவாரித் தீவு என்பேன். டாஸ்மேனியாவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே, 128 சதுர கிலோமீட்டர், ஓயாத காற்று. 1870களில் சீல் வேட்டைக்காரர்கள் உணவுக்காக முயலை விட்டார்கள். அது பெருகி மலைச்சரிவின் புல்லையெல்லாம் தின்று, மண் சரிந்து பென்குவின்களின் கூடுகட்டும் இடங்களை மூடியது. 2011இல் வைரஸ் பரப்பி, ஹெலிகாப்டரில் நச்சுத்தீனி தூவினார்கள். அதில் பென்குவின் அல்லாத வேறு சில பறவைகளும் இறந்தன, அதையும் மறைக்கக்கூடாது. பிறகு நாய்களோடு ஆட்கள் இறங்கினார்கள், பென்குவினையும் சீலையும் ஏறெடுத்தும் பாராதபடி பழக்கிய லாப்ரடார்களும் ஸ்பேனியல்களும்.

எஞ்சியிருந்தவை 13 முயல்கள். கடைசி முயல் 2011 நவம்பரில் பிடிபட்டது. ஆனால் தீவில் முயல் இல்லை என்று அறிவித்தது 2014 ஏப்ரலில்! நடுவில் இருந்த காலம் முழுக்க அந்த நாய்கள் பாறையும் சேறுமாக நடந்து "இல்லை, இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தன. அந்த "இல்லை"யை நம்பித்தான் ஓர் அரசு அறிவிப்பு வெளியிட்டது. தங்கள் ஆளை மகிழ்விக்க அவை அவ்வப்போது பொய்யாக நின்றிருந்தால் அந்த அறிவிப்பே வந்திருக்காது.

டிசம்பர் 9

பிஸ்கட் ஈடாகாது என்று முதலில் சொன்னதை மக்குவாரி கொஞ்சம் அசைக்கிறது. முயலே இல்லாத நிலத்தில் நாய்க்கு முயலைச் சம்பளமாகக் கொடுக்க முடியாது. அப்படிப்பட்ட தேடல் நாய்க்குப் பந்தும் விளையாட்டும் சரிதான். வாரக்கணக்கில் வெறுங்கையோடு திரும்பும் பண்ணைவேலையிலும் நாள் முடிவில் உறுதியான வளை ஒன்றில் வேலை முடித்து வீடு திரும்புவது நல்லது. ஆனால் நடுவயலில், காலி வளையருகில் எதுவும் கொடுக்காதீர்கள். அங்கே நடந்துபோவதே பதில்.

ஜனவரி 4

அவசரமாக ஒன்று. நீங்கள் அனுப்பிய படத்தில் இருக்கும் அந்தப் பெரிய வாய் முயலுடையது அல்ல. அகலம் உயரத்தைவிட அதிகம், முன்னே குவியலாக மண், அதில் காய்ந்த புல். அது பேட்ஜர் வளை; பேட்ஜர் என்பது மண்ணில் பெரிய வளை தோண்டி வாழும் வலிய காட்டு விலங்கு. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்குள் நாயை விடுவது குற்றம். நாயின் உயிருக்கும் ஆபத்து. அந்த வேலியில் அந்தப் பகுதியை முழுவதும் விட்டுவிடுங்கள். நாய் அங்கே நின்றால் பாராட்டவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம், கூப்பிட்டுக்கொண்டு விலகுங்கள்.

ஜனவரி 19

ஆறு வளைக்கூட்டங்களில் இரண்டில் நின்றது, இரண்டிலும் முயல், மற்ற நான்கில் தனியாகச் சோதித்தபோது ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மிக்க மகிழ்ச்சி! பக்கத்துப் பண்ணைக்காரரை ஒருநாள் கூட அழைத்துப் போங்கள்.

இனி அவளைச் சோதிப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த நான்கும் காலி என்று அவள் சொன்னபோதே நீங்கள் நடந்திருந்தால் ஒன்றும் இழந்திருக்க மாட்டீர்கள்.

பிப்ரவரி 20

சிறிய, ஒற்றை வாய், மண்ணால் அடைத்திருக்கிறது, ஆனாலும் நாய் நின்றது என்கிறீர்களே, அது முயல் குட்டி ஈனும் வளை. தாய் தனியாகத் தோண்டி, தன் ரோமத்தைப் பரப்பி ஈன்று, வாயை மூடிவிட்டு இரவில் சில நிமிடங்கள் மட்டும் வந்து பால் கொடுக்கும். நாய் சொன்னது உண்மை. நீங்கள் செய்ய வேண்டியது விலகுவது. இந்த வாய்கள் தென்படத் தொடங்கினால் நான் ஃபெரெட் வேலையை நிறுத்திவிடுவேன். குட்டிகளிடம் போன ஃபெரெட் மேலே வராது, வேதனையும் வீண்.

நாய்க்குப் பச்சை முயல் குடலைப் போடாதீர்கள். அதில் இருக்கும் சிறு நீர்க்கொப்புளங்களிலிருந்து நாய்க்கு நாடாப்புழு வரும். பூச்சி மருந்து கால்நடை மருத்துவரிடம் கேட்டு ஒழுங்காகக் கொடுங்கள். கோடையில் கயிற்றில்லாமல் ஆட்டுப்பட்டி அருகே நடக்கும் பழக்கத்தையும், ஒரு குரலுக்குத் திரும்பும் பழக்கத்தையும் விடாமல் வைத்திருங்கள். நோட்டை எனக்கு அனுப்புங்கள். காற்றும் ஈரமும் எழுதிய பக்கங்களை என்னுடையவற்றோடு வைத்துப் பார்க்க வேண்டும்.